ஆட்சேபனை மனுவில் முதல் கையெழுத்து

வாம்மா, உள்ள வா. வீடு பாக்க வந்தவதான? போர்டுல இருந்த நம்பருக்குப் போன் பண்ணியிருப்ப, எம் மக சுபாதான் எடுத்திருப்பா. "முதல் தெருவுல எங்கம்மாகிட்ட சாவி இருக்கு, வாங்கிக்கங்க"ன்னு சொல்லியிருப்பா. சொன்னாளா? வேற எதுவும் சொன்னாளா, என்னையப் பத்தி? இல்ல, சும்மா கேட்டேன். ஃபேனுக்கு அடியில உக்காரு. வெயில் கொஞ்சம் தாழட்டும், நானே கூட வந்து தொறந்து காட்டுறேன்.

வீடு நல்ல வீடு. நான் குறை சொல்லமாட்டேன். எம் மகளக் கட்டிக் குடுத்த வீடு, சம்பந்தியம்மா வீடு. ரெண்டாவது தெரு, பன்னெண்டாம் நம்பர். மொட்டை மாடியில நின்னு நான் ஒரு சத்தம் குடுத்தா அங்க கேக்கும். அதுக்காகவே பாத்துப் பாத்துக் குடுத்தேன். எங்க வீட்டுக்காரரு அப்பவே சொன்னாரு, "ஒரே காலனிக்குள்ள வேணாம்டி, தெனமும் மூஞ்சியப் பாத்துக்கிட்டிருந்தா எதாச்சும் வரும்"னு. நாந்தான் ஒத்தக் கால்ல நின்னேன். ஒத்தப் பிள்ள, கண்ணு முன்னால இருக்கட்டும்னு. இப்ப அவரும் இல்ல. போயி நாலு வருஷமாச்சு.

அந்தா, சன்னல் வழியாத் தெரியுதுல்ல அஞ்சு மாடி? அது ரெண்டு வருஷத்துக்கு முந்தி வெறும் தரிசு. அதை ஒட்டி ஒரு ஓடை. ஓடைன்னா பெருசா நெனைக்காத, பதினஞ்சடி அகலம் இருக்கும். மழ பேஞ்சா நம்ம காலனித் தண்ணி பூரா அதுல எறங்கிக் கண்மாய்க்குப் போயிரும். ரெண்டாவது தெரு பள்ளம். சும்மா பாத்தாத் தெரியாது, மழைக்குத்தான் தெரியும். அந்த ஓடையையும் சேத்து மட்டமாக்கி எம்பது வீடு கட்டப்போறேன்னு ஒரு கம்பெனிக்காரன் அனுமதி கேட்டு மனு போட்டான். ஓடைய மூடுனா தண்ணி எங்க போகும்? எம் மக வீட்டுக்குள்ள. எம் பேத்தி அப்ப தவழ்ந்துக்கிட்டிருந்தா.

அதை மொதல்ல கண்டுபிடிச்சது யாருங்கிற? நான். பேப்பர்ல பொடி எழுத்துல போட்டிருந்தான், சர்வே நம்பர் இத்தன, குடியிருப்புப் பகுதியா மாத்த உத்தேசம், ஆட்சேபனை உள்ளவுக முப்பது நாளைக்குள்ள எழுதித் தரலாம்னு. யாரு படிப்பா அதையெல்லாம்? நான் படிச்சேன். கண்ணீர் அஞ்சலி விளம்பரம் பாக்குறது என் வழக்கம், தெரிஞ்சவுக யாரும் இருக்காகளான்னு. அதுக்குப் பக்கத்துல இருந்துச்சு.

அன்னிக்கே உக்காந்து மனு எழுதிட்டேன். ரெண்டு பக்கம். எங்க வீட்டுக்காரரு கண்டக்டரா இருந்து, டபுள் டூட்டி பாத்து இந்த மனைய வாங்குனது, இங்க வந்தப்ப கரண்டு கூட இல்லாம இருந்தது, கடைசியா அவரு நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு வாசல்ல உக்காந்தது, எல்லாம் எழுதினேன். எழுதும்போதே எனக்குக் கண்ணுல தண்ணி. சுபா வந்து படிச்சா. படிச்சுட்டுச் சிரிச்சா.

"அம்மா, ஆபீசருக்கு அப்பா செத்த கதையெல்லாம் எதுக்கு? குடு, அத்தைகிட்டக் காட்டுறேன். அவுக சுருக்கமா எழுதிருவாக."

அத்தைன்னா சம்பந்தியம்மா. இந்திராணின்னு பேரு. டெலிபோன் ஆபீசுல முப்பது வருஷம் வேல பாத்து ரிட்டயர்டு ஆனவுக. நல்லாப் பேசுவாக, நல்லா உடுத்துவாக, யாரையும் ஒரு வார்த்த கடிஞ்சு சொல்லமாட்டாக. நான் குறை சொல்லல. ஆனா எதைக் குடுத்தாலும் அதைத் திருத்தித் திருப்பிக் குடுப்பாக பாத்துக்க. நான் சீடை செஞ்சு குடுத்து விட்டா, "சம்பந்தி, அடுத்த தடவ எள்ளு கொஞ்சம் கம்மியாப் போடுங்க"ன்னு டப்பாவோட சேதி வரும்.

என் மனுவும் அப்படித்தான் திரும்பி வந்துச்சு. ஏழே பாயிண்ட். அழகா டைப் அடிச்சு. யாரு டைப் அடிச்சது? எம் மக. பிள்ளைய மடியில வச்சுக்கிட்டு அடிச்சாளாம். எனக்குக் குடும்பப் பென்சனுக்கு ஒரு ஃபாரம் ரொப்பிக் குடுடின்னு ரெண்டு மாசமாக் கேட்டுக்கிட்டிருக்கேன், "பிள்ளைய வச்சுக்கிட்டு எங்கம்மா நேரம்?"னா. அத்தைக்குன்னா நேரம் இருந்துச்சு. பொறாமைன்னு நெனச்சுக்காத. எனக்கு அந்தக் குணமே கெடையாது. உள்ளதைச் சொல்றேன்.

அப்புறம் காலனிக் கூட்டம். எங்க? அவுக வீட்டு போர்ட்டிகோவுல. நாப்பது பேரு வந்தாக. சேரு அவுகளுது, காப்பி அவுகளுது, சுண்டல் மட்டும் என்னுது. அதையும் சுபாதான் தட்டுல வச்சுக் குடுத்தா, எல்லாரும் "இந்திராணியம்மா, சுண்டல் பிரமாதம்"னு சொல்றாக. அவுகளாச்சும் "இது சம்பந்தி செஞ்சது"ன்னு சொல்லலாம்ல? சொன்னாக, நான் இல்லங்கல. மெதுவாச் சொன்னாக. யாருக்குக் கேட்டுச்சு?

சங்கச் செயலாளர் துரைப்பாண்டி சார் மனுவ எடுத்து மேசையில வச்சு, "மொதக் கையெழுத்து யாரு? பேப்பர்ல பாத்துச் சொன்னது இந்தம்மாதான, அவுகளே போடட்டும்"னாரு. இந்திராணியம்மா பேனாவ எங்கிட்ட நீட்டினாக. "போடுங்க சம்பந்தி."

நீயே சொல்லு, பொண்ணக் குடுத்தவ நான். மாப்பிள்ள வீட்டம்மா முன்னால நிக்கும்போது லபக்குன்னு பேனாவ வாங்கிப் போட்டுற முடியுமா? நாலு பேரு என்ன நெனைப்பாக? "அது எப்படி, நீங்க மாப்பிள்ள வீடு, நீங்கதான் மொதல்ல"ன்னேன். மரியாதைக்குச் சொன்னேன். அவுக மறுபடியும் "இல்ல இல்ல, நீங்கதான்"னு சொல்லணும். அப்புறம் நான் வாங்கிப் போடணும். அதுதான முறை? பந்தியில உக்காரச் சொன்னாக்கூட ரெண்டு தடவ சொன்னப்புறந்தான உக்காருறோம். அவுக என்ன பண்ணுனாக? "சரி சம்பந்தி"ன்னு போட்டுட்டாக! ஒரே தடவையில! நான் அப்படியே கைய நீட்டுனபடி நிக்கிறேன். அந்த நேரம் பாத்து துரைப்பாண்டி சார் ரெண்டாவதாப் போட்டுட்டாரு. நான் மூணு. மூணாவது.

அதுக்கப்புறம் எல்லாமே அவுகதான். ஆபீசுலருந்து லெட்டர் வந்தா மொதக் கையெழுத்துக்காரவுக வீட்டுக்குத்தான் வரும். பேப்பர்க்காரன் வந்தான், ஓடைக்கரையில நிக்க வச்சு போட்டோ எடுத்தான். மறுநாள் பாத்தா நடுவுல அவுக, அவுக பக்கத்துல சுபா, இடுப்புல பேத்தி. ஓரத்துல ஒரு முழங்கை தெரியும். அது நான். கீரைக்காரி என் வாசல்ல வந்து நின்னு கேக்குறா, "ஏக்கா, ஓடைக்காகப் போராடுறாகளே இந்திராணியம்மா, அவுக ஒங்களுக்குச் சொந்தமாமே?"ன்னு. கீரையே வேணாம் போடின்னுட்டேன்.

விசாரணைக்குத் தேதி குடுத்தாக. வெள்ளிக்கிழம பதினோரு மணி. அதுக்கு முந்துன வாரம் சுபா வந்தா. நல்ல ஞாபகம் இருக்கு, வந்ததும் வராததுமா நின்னுக்கிட்டே கேட்டா.

"அம்மா, அப்பா மனை வாங்குனப்ப குடுத்த பழைய மேப் இருக்குல்ல, நீலத்தாளு? அதுல ஓடை போட்டிருக்கும்."

"ஏன், வேற யாருகிட்டயும் இல்லையா?"

"எல்லார் பத்திரமும் லோனுக்காக பேங்குல கெடக்கு. தாலுகா ஆபீசுல கேட்டா, தேடித் தர மாசக்கணக்காகும்ங்கிறாக. கம்பெனிக்காரன் அது சும்மா பள்ளம், ஓடையே இல்லன்னு காமிச்சிருக்கானாம். மேப் இருந்தா ஜெயிச்சிரலாம்னு அத்தை சொல்றாக. வாங்கிட்டு வரச் சொன்னாக."

வாங்கிட்டு வரச் சொன்னாக. அந்த வார்த்தைதான். "அம்மா, நீ வா, வந்து நீயே ஆபீசர்கிட்டக் காட்டு"ன்னு சொல்லியிருந்தா, இந்தச் சாமி சத்தியமா அப்பவே எடுத்துக் குடுத்திருப்பேன். அவுக வாங்கிட்டு வரச் சொன்னாகளாம், இவ வாங்கிட்டுப் போக வந்திருக்கா. என் வாய் தானாச் சொல்லிருச்சு.

"கரையான் அரிச்சிருச்சு."

"எல்லாமா?"

"எல்லாந்தான்."

அவ என் மூஞ்சியவே பாத்தா. நான் பாத்திரம் வெளக்கப் போயிட்டேன்.

மேப் பத்திரமாத்தான் இருந்துச்சு. பீரோவுல அவரு வேட்டிக்கு அடியில. நான் ஒண்ணும் கெட்ட எண்ணத்துல மறைக்கல. எனக்கு ஒரு திட்டம் இருந்துச்சு. விசாரணை அன்னிக்கு எல்லாரும் கையப் பெசஞ்சுக்கிட்டு நிக்கும்போது நான் உள்ள போறேன். போயி அந்த நீலத்தாள மேச மேல விரிக்கிறேன். ஆபீசர் எந்திரிச்சு நின்னு, "அம்மா, நீங்க இல்லாட்டி இந்தக் காலனி முங்கியிருக்கும்"ங்கிறாரு. எம் மக பாக்குறா. அவ்வளவுதான். அவ பாத்தாப் போதும் எனக்கு.

வெள்ளிக்கிழம காலையில வேன் வச்சு எல்லாரும் போனாக. எனக்கு முழங்கால் வலின்னு சொல்லிட்டேன். வேன் தெருவத் தாண்டுனதும் நல்ல சேல ஒண்ணு உடுத்தி, மேப்ப நகைக்கடைப் பையில வச்சு, ஆட்டோவுல போனேன். பத்தே முக்காலுக்கெல்லாம் ஆபீசு வாசல்ல எறங்கிட்டேன். உள்ள கால வைக்கப் போறேன், அப்பத்தான் உறைச்சுச்சு. வெள்ளிக்கிழம பத்தரையிலருந்து பன்னெண்டு ராகு காலம்.

சிரிக்காதம்மா. அவுகெல்லாம் பத்து மணிக்கே உள்ள போய் உக்காந்துட்டாக, அவுகளுக்கு ஒண்ணுமில்ல. நான் ராகு காலத்துல கால வச்சு அந்த மேப்ப விரிச்சா வெளங்குமா? அவ்வளவு முக்கியமான காரியம். அதுவுமில்லாம எந்த ஆபீசுல சொன்ன நேரத்துக்கு ஆரம்பிச்சிருக்கான்? பதினொண்ணுன்னா பன்னெண்டரை ஆகும். எதுத்த டீக்கடை பெஞ்சுல உக்காந்துட்டேன். ரெண்டு டீ குடிச்சேன். பன்னெண்டு அடிச்சு ரெண்டு நிமிஷம், நல்லா விலகட்டும்னு அதையும் விட்டுட்டுத்தான் எந்திரிச்சேன்.

நான் படியேறப் போறேன், அவுகெல்லாம் எறங்கி வர்றாக. அந்த ஆபீசர் ஒருத்தருதான் இந்த நாட்டுல சொன்ன நேரத்துக்கு வந்தவரு போலருக்கு. டாண்ணு பதினொண்ணுக்கு ஆரம்பிச்சு, பன்னெண்டுக்குள்ள முடிச்சிட்டாரு.

இந்திராணியம்மா மூஞ்சி செத்துப் போயிருந்துச்சு. என் கையப் பிடிச்சுக்கிட்டாக. "கால் வலியோட எதுக்கு சம்பந்தி வந்தீங்க? ஆதாரம் இருக்கான்னு கேட்டாரு. ஒரே ஒரு தாள் இருந்தாப் போதும்னாரு. இல்லன்னு சொல்லிட்டு வர்றேன்"னு சொல்லி அழுதுட்டாக. அத்தனை பேருக்கு முன்னால.

உங்கிட்டப் பொய் சொல்லக் கூடாது. அவுக அழுததப் பாத்து ஒரு நிமிஷம் எனக்கு சந்தோஷமா இருந்துச்சு. மொதக் கையெழுத்து போட்டீகள்ல, இப்ப அழுங்கன்னு இருந்துச்சு. ஒரு நிமிஷந்தான். அதுக்குள்ள சுபா என் பையப் பாத்துட்டா. நீலத்தாள் ஓரம் வெளிய நீட்டிக்கிட்டு நின்னுச்சு.

அவ என்னைய ஓரமாக் கூட்டிட்டுப் போனா. சத்தமே போடல. "அம்மா, ஆபீசர் மேலதான் இருக்காரு. நீயே போய்க் குடுத்துரு. அத்தைகிட்ட நான் எதாச்சும் சொல்லிச் சமாளிச்சுக்கிறேன்"னா.

குடுத்திருக்கலாம்னு நீ நெனைக்கிற, மூஞ்சியிலயே தெரியுது. எப்படிக் குடுக்குறது? குடுத்தா கரையான் பொய்யின்னு சம்பந்திக்குத் தெரிஞ்சிரும்ல? மாப்பிள்ள வீட்டு முன்னால நான் என்ன மூஞ்சிய வச்சுக்கிட்டு நிப்பேன்? "ஆபீசர் சாப்பிடப் போயிருப்பாரு"ன்னேன். அவ அதுக்கு மேல கேக்கல. இன்னொரு தடவ "போம்மா"ன்னு சொல்லியிருந்தாப் போயிருப்பேன். சொல்லல. அவளே பையப் பிடுங்கிட்டு ஓடியிருக்கலாம், அதையும் செய்யல. அந்தத் தாள மடிச்சுப் பைக்குள்ள வெளிய தெரியாம அமுக்கி விட்டுட்டு, "வா, வேன் நிக்குது"ன்னா. பாத்தியா, அவுக அத்தைக்கு முன்னால என்னைய விட்டுக் குடுக்கல எம் மக. அன்னிக்கு வேன்ல வரும்போது நான் அதத்தான் நெனச்சு நெனச்சு சந்தோஷப்பட்டுக்கிட்டு வந்தேன். அவ என்ன நெனச்சுக்கிட்டு வந்தாளோ, சன்னலுக்கு வெளியவே பாத்துக்கிட்டு வந்தா.

ஓடைய மூடிட்டாக. கட்டடம் ஏறிருச்சு. போன ஐப்பசியில மூணு நாள் விடாம மழ. ரெண்டாவது தெருவுல முழங்கால் தண்ணி. சாக்கடையும் சேந்து உள்ள வந்து, ஃப்ரிட்ஜு சாஞ்சு மிதந்துச்சாம். பேத்தியக் கட்டில் மேல மேசையப் போட்டு அதுக்கு மேல உக்கார வச்சிருந்தாக. நான் குடையக் கூட எடுக்காம ஓடினேன். "எல்லாரும் எங்க வீட்டுக்கு வாங்க, அங்க மேடு"ன்னு கூட்டிட்டு வந்தேன். மகளும் மருமகனும் பேத்தியும் அவுகளும், பதினோரு நாளு இங்கதான்.

எம் மக கல்யாணமாகிப் போனதுக்கப்புறம் சேந்தாப்புல பதினோரு நாளு இங்க இருந்தது அப்பத்தான். அவுக முங்குனதுல எனக்கு சந்தோஷம்னு சொல்லல. பிள்ள வீட்டுல ஓடியாடுச்சுல்ல, அதச் சொல்றேன். ஆனா அதுலயும் எனக்குக் குடுத்து வைக்கல. என் அடுப்படியில நின்னுக்கிட்டு எம் மக கேக்குறா, "அத்தை, உப்பு போதுமா?"ன்னு. நான் பக்கத்துலதான் நிக்கிறேன். சேத்துல நின்னு அவுக காலெல்லாம் புண்ணாப் போச்சு, இவ வெந்நீர் வச்சுக் கழுவி மருந்து போட்டு விடுறா. எனக்கும்தான் முழங்கால் வலி. யாரும் கேக்கல. பதினோராம் நாளு வாய விட்டுட்டேன். "என் வீட்டுல நான் போடுற உப்பு போதும். இங்க யாரும் ருசி பாத்துச் சொல்ல வேண்டாம்"னு. இந்திராணியம்மா கரண்டிய மெதுவாக் கீழ வச்சாக. "தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்தி"ன்னாக. அன்னிக்குச் சாயங்காலமே எல்லாரும் ஈரங்கூடக் காயாத அந்த வீட்டுக்கே கெளம்பிட்டாக.

அப்புறம் மாப்பிள்ள கோயம்புத்தூருக்கு மாத்தல் கேட்டு வாங்கிட்டாரு, எல்லாருமாப் போயிட்டாக. சாமான ஏத்தும்போது இந்திராணியம்மா வந்து, "மொதல்ல பாத்தது நீங்க. நான் ஒழுங்கா வாதாடத் தெரியாமக் கெடுத்துட்டேன். மன்னிச்சிருங்க"ன்னு என் கையப் பிடிச்சாக. அவுகளுக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. சுபா பக்கத்துலதான் நின்னா. சாவியக் குடுத்து, "யாராச்சும் கேட்டு வந்தாத் தொறந்து காட்டு. இந்த வாடகை வந்தாத்தான் அங்க சமாளிக்க முடியும்"னு மட்டும் சொன்னா.

ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம போன் பண்ணுவா. பேத்தி நல்லாப் பேசுது. "அப்பத்தா பூ வச்சு விட்டாக, அப்பத்தா கதை சொன்னாக"ன்னு. அம்மாச்சி என்ன செய்றேன்னு கேக்கணும்னு அதுக்குத் தெரியல. சின்னப் பிள்ளதான.

உனக்கு முந்தி ஆறு பேரு வந்து பாத்தாக. ஒருத்தரும் குடி வரல. "அவுககிட்ட என்னம்மா சொல்ற?"ன்னு சுபா கேக்குறா. என்ன சொல்றேன்? உள்ளதச் சொல்றேன். மழைக்கு முழங்கால் தண்ணி வரும், அந்தா சுவத்துல கறை இருக்கு, ஃப்ரிட்ஜெல்லாம் மிதந்துச்சுன்னு சொல்றேன். மறைச்சு வீடு குடுக்குறது பாவமில்லையா?

என்னது? பரவாயில்லையா? வாடகை கம்மியா இருக்குங்கிற. மழ பேஞ்சா? உங்கம்மா வீட்டுக்குப் போயிருவியா? எங்க இருக்காக உங்கம்மா? மூணாவது தெருவா! யாரு, அந்தப் பச்ச கேட்டு வீடா? அவுக மகளா நீ? உங்கம்மாதான் இந்த வீட்டப் பாக்கச் சொன்னாகளா? பக்கத்துல இருக்கணும்னா? நீயும் சரின்னுட்டியா?

குடுத்து வச்சவுக உங்கம்மா.

இல்ல, சாவி இங்கதான் எங்கயோ வச்சேன். இருக்கு, இல்லங்கல. அட்வான்ஸெல்லாம் வேணாம், அத உள்ள வையி. வேணாம்மா, கேளு, நீ வேற வீடு பாத்துக்க. சின்னப் பொண்ணு நீ, உனக்கு ஆயிரம் வீடு கெடைக்கும். இந்த வீட்டுல நீ வந்து உக்காந்துட்டா எம் மக எங்க வந்து இருப்பா? அவளுக்கு வீடு இதுதான? இது காலியா இருந்தாத்தான அவ வருவா.

கோவிச்சுக்காத. சுபா போன் பண்ணிக் கேட்டா, வீடு பிடிக்கலன்னு நீயாச் சொல்லிரு. நான் சொன்னேன்னு சொல்லாத.